நான்கை மூன்றாக்கியவன்

சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதுவும் நல்லதுதான். கேட்டதும் நம்புகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

செல்பேசியில் போகும் செய்தி, வங்கிக்குப் போகும் எண், ஆஸ்பத்திரிக் கருவி அனுப்பும் கணக்கு, இவற்றையெல்லாம் வழியில் எவனும் படிக்காதபடி குழப்பி அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் தெளியவைக்கும் நிரல்கள் கொண்ட லைப்ரரி ஒன்றை எங்கள் அலுவலகம் எழுதிப் பராமரிக்கிறது. லைப்ரரி என்றதும் என் மாமனார் புத்தகம் அடுக்குகிற உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டார். கல்யாணம் முடியும்வரை நானும் திருத்தவில்லை. அந்த லைப்ரரியில் யார் ஒரு வரி எழுதினாலும் நான் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே போகும். கையெழுத்து என்றால் பேனா இல்லை. என் பெயரில் இருக்கிற ஒரு மின்சாவி. ஏழு வருஷமாக அதை வைத்துக்கொண்டு, வருகிறவன் போகிறவனையெல்லாம் வாசலிலேயே நிறுத்தி மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டிலும் இந்தக் குணம் போகாது. "ஊர்ல எல்லாரும் வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்புவாங்க. உங்களுக்குப் பாலே சுண்ணாம்புதான்" என்பாள் என் மனைவி. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் யோசிப்பேன்.

இப்படிப்பட்ட என்னிடம் என் தங்கையின் கணவர் எழுதிய நிரல் வந்து சேர்ந்தது.

மாப்பிள்ளை முன்பு வேலை பார்த்த இடத்தில் ஏதோ ஒரு ரகசியம் வெளியே கசிந்துவிட்டது. அது மூன்று பேருக்குத்தான் தெரியும். மற்ற இருவரும் வாய் உள்ள பிள்ளைகள், பிழைத்துக்கொண்டார்கள். இவரோ, யாராவது கேள்வி கேட்டால் சுவரைப் பார்க்கிற ஆள். ஆதாரம் எதுவும் இல்லை, குற்றச்சாட்டும் எழுத்தில் இல்லை. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார்கள், அவ்வளவுதான். அதற்கப்புறம் போன இடத்திலெல்லாம் நேர்முகம் பிரமாதமாக நடக்கும். பழைய இடத்துக்கு ஒரு போன் போடுவார்கள். பிறகு பதிலே வராது. தங்கை நர்ஸ். தன் ஷிஃப்டோடு அடுத்தவள் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்துக் குடும்பத்தை ஓட்டினாள்.

கடைசியில் எங்கள் தலைமை அதிகாரிதான் அவரைச் சேர்த்துக்கொண்டார். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் பெரியம்மா. அவர் திட்டினால் வீட்டுப் பெரியம்மா திட்டுகிற மாதிரிதான் இருக்கும். முழு வேலை இல்லை, பரிசோதனைக்கு ஒரே ஒரு வேலை. லைப்ரரியில் இருக்கும் ஸ்ட்ரீம் சைஃபரை வேகமாக்க வேண்டும். அது அடுத்த வெளியீட்டில் போனால் வேலை நிரந்தரம். போகாவிட்டால், இரண்டாவது இடத்திலும் தேறாதவர் என்ற பெயரோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதற்குமேல் அவரை இந்தத் தொழிலில் யாரும் தொடமாட்டார்கள்.

"உங்க வீட்டு மாப்பிள்ளை எழுதினதை நீங்களே படிக்கிறதுல எனக்கு ஒரு பயம்" என்றார் பெரியம்மா.

"சலுகை காட்டுவேன்னு நினைக்கிறீங்களா மேடம்?"

"நீங்களா? ஆளைக் கொன்னுடுவீங்களோன்னுதான் பயம்."

ஸ்ட்ரீம் சைஃபர் என்பதைப் பெரிய மந்திரமாக நினைக்க வேண்டாம். ஒரு ரகசியச் சாவி, கூடவே ஒரு வரிசை எண். இரண்டையும் சேர்த்து அரைத்தால் தலைகால் புரியாத எண்களாக ஒரு துண்டு வரும். வரிசை எண்ணில் ஒன்றைக் கூட்டி அரைத்தால் அடுத்த துண்டு வரும். இந்தத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தியின் மேல் போர்த்தினால் செய்தி மறைந்துவிடும். எதிர்முனையில் அதே துண்டுகளை அரைத்து இன்னொரு முறை போர்த்தினால் முதல் போர்வை கழன்று செய்தி வெளியே வரும். விதி ஒன்றே ஒன்றுதான். ஒரு துண்டை ஒரு தரம்தான் பயன்படுத்தலாம். அதையே இரண்டு இடத்தில் போர்த்திவிட்டால், பொறுமைசாலி எவனாவது இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து உரித்துவிடுவான்.

லைப்ரரியில் இருந்த பழைய நிரல் நான் எழுதியது. ஒவ்வொரு துண்டாக அரைக்கும். நிதானமானது, யாரும் ஒரு குறை சொன்னதில்லை. மாப்பிள்ளையுடையது நான்கு துண்டுகளை ஒரே சமயத்தில் அரைத்தது. நான்கும் முடிந்ததும் வரிசை எண்ணில் நான்கைக் கூட்டி அடுத்த நான்கு. ஓடவிட்டுப் பார்த்தேன். என்னுடையதைவிட ஐந்து மடங்கு வேகம்.

நாலு கை போட்டால் நாலு மடங்குதானே வர வேண்டும்? மீதி எங்கிருந்து வந்தது? கூப்பிட்டுக் கேட்டேன்.

மாப்பிள்ளை வழக்கம்போல் சுவரைப் பார்த்தார். "உங்க புரோகிராம்ல ஒவ்வொரு துண்டையும் மெமரியில எழுதி வச்சு, திரும்ப அங்கிருந்தே எடுக்குறீங்க மச்சான். அது தேவையில்ல. அதை எடுத்துட்டேன், அவ்வளவுதான்."

சரியான பதில்தான். அதனாலேயே எனக்குக் கடுப்பாக இருந்தது. வரிவரியாகப் படித்தேன். உலகம் முழுக்கப் பயன்படுத்தும் மாதிரிக் கணக்குகளைப் போட்டுப் பார்த்தேன். நீளமான செய்தி ஒன்றை என் நிரலிலும் அவர் நிரலிலும் போட்டு ஒப்பிட்டேன். எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. ஒரு குறையும் கிடைக்கவில்லை. குறையில்லாத நிரலை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. குறை இல்லையென்றால் அது எனக்குத் தெரியாத இடத்தில் ஒளிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். மூன்று பேரில் இவர்தான் கசியவிட்டார் என்று அங்கே சொன்னவர்கள் எல்லாருமா முட்டாள்கள்? நெருப்பில்லாமல் புகையுமா?

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு. மாப்பிள்ளை தண்ணீர் எடுக்க உள்ளே போனபோது தங்கை மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, அவரு எழுதினது எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

"அப்புறம் ஏன் வேப்பங்காயைக் கடிச்ச மாதிரி மூஞ்சிய வச்சிருக்க? கையெழுத்தப் போடேன்."

"போடாம எங்க போறேன்."

"இத பாரு. நீ என்னை சந்தேகப்படு, அண்ணிய சந்தேகப்படு, பக்கத்து வீட்டுப் பூனைய சந்தேகப்படு. அவர மட்டும் விட்டுடு. அவரு பட்டது போதும்."

நான் சிரித்து வைத்தேன். உள்ளே எனக்கு என்ன தோன்றியது என்றால், இவள் எதற்கு இவ்வளவு கெஞ்சுகிறாள்? நம்ப நட, நம்பி நடவாதே என்று சும்மாவா சொன்னார்கள்?

அடுத்த நாள் காலை அந்த யோசனை வந்தது. நிரலில் குறை கிடைக்கவில்லை, சரி. ஆளையே சோதித்தால் என்ன?

மாப்பிள்ளையின் நிரலைத் திறந்தேன். வரிசை எண்ணில் நான்கைக் கூட்டும் இடத்தில், நான்கை அழித்து மூன்று என்று போட்டேன். ஒரே ஓர் இலக்கம். இப்போது ஒவ்வொரு நான்கிலும் கடைசித் துண்டு, அடுத்த நான்கின் முதல் துண்டாகத் திரும்ப வரும். ஒரு துண்டு, இரண்டு இடம். எந்த விதியை மீறக்கூடாதோ அதை மீறியாயிற்று. அழகு என்னவென்றால், சாதாரணச் சோதனையில் இது தெரியாது. குழப்பிய நிரலையே கொண்டு தெளியவைத்தால், போகும்போது செய்த தப்பை வரும்போதும் செய்து, செய்தி பத்திரமாக வந்து சேரும். மாதிரிக் கணக்குகளும் குட்டையானவை, முதல் நான்கு துண்டுகளைத் தாண்டாது. நீளமான ஒப்பீட்டை ஓட்டினால்தான் குட்டு உடையும். மாற்றத்துக்கு 'இடைவெளி சீரமைப்பு' என்று பெயர் வைத்து என் சாவியால் கையெழுத்துப் போட்டு உள்ளே தள்ளினேன்.

பெரியம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். என் திட்டம் எளிமையானது. மாப்பிள்ளை யோக்கியராக இருந்தால் பார்த்ததும் ஓடிவந்து கத்துவார். நான் முதுகில் தட்டிக் கொடுத்து, நான்கைத் திரும்பப் போட்டுவிடுவேன். ஓட்டையை விரும்புகிறவராக இருந்தால் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்.

"மாப்ள, ரிலீஸுக்கு முன்னாடி நீளமான ஒப்பீட்டை நீங்களே ஒரு தடவ ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றேன்.

"சரி மச்சான்."

அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. சோதனைகளை ஓட்டும் பொதுக் கணினியில் போய்ப் பார்த்தேன். ஓட்டியிருக்கிறார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்றிலும் ஒப்பீடு தோற்றிருக்கிறது. ஆக, அவருக்குத் தெரியும்! தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

பிடித்துவிட்டேன் என்று ஒரு கணம் குதூகலமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அடுத்த கணம் தங்கையின் முகம் ஞாபகம் வந்தது. அதன் பிறகு ஆளையே கவனிக்க ஆரம்பித்தேன். நான் பக்கத்தில் போனால் திரையில் வேறு எதையோ திறந்தார். கூப்பிட்டால் டீ குடிக்க வரவில்லை. செல்பேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய், கையால் வாயை மறைத்துப் பேசினார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முகம்.

நடைவழியில் மறித்துக் கேட்டேன். "என்ன மாப்ள, டெஸ்ட் ஓட்டியாச்சா?"

"பார்த்துட்டிருக்கேன் மச்சான். இன்னும் முடியல."

முழுப் பொய். அதோடு விடவில்லை. இரண்டடி போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, "மச்சான், உங்களுக்கு ஏதாவது பிரச்சினையா? யாராவது உங்களைப் பயமுறுத்துறாங்களா? எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லலாம். நமக்குள்ளயே இருக்கும்" என்றார்.

நமக்குள்ளேயே இருக்குமாம். ஆழம் பார்க்கிறான், என்னையும் கூட்டு சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினேன். நாளைக் காலை முதல் வேலை பெரியம்மாவின் அறைதான்.

அன்று மாலை, வீட்டுக்குப் போய்ச் சட்டையைக்கூட மாற்றவில்லை, தங்கை வந்து நின்றாள். ஆஸ்பத்திரிச் சீருடையோடு, அடையாள அட்டை கழுத்தில் தொங்க, நேராகக் கூடத்துக்கு வந்தாள். என் மனைவி, "வா, டீ போடட்டுமா?" என்றதைக் காதில் வாங்காமல் என்னிடம் கேட்டாள்.

"அண்ணா, யாருக்காகப் பண்ண?"

"எதை?"

"நாலை மூணாக்கினது."

என் மனைவி கையில் துண்டோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ரெண்டு நாளா அவரு சாப்பிடல. முதல்ல தன்னோட தப்புன்னு நினைச்சாரு. மூணு தடவ ஓட்டிப் பார்த்தாராம். அப்புறம்தான் உன் கையெழுத்தப் பார்த்திருக்காரு. இடைவெளி சீரமைப்புன்னு எழுதியிருக்கியாமே? அழுதுட்டாருண்ணா. சொன்னா உன் வாழ்க்கை போச்சு, சொல்லாட்டி ஊரு உலகத்தோட ரகசியம் போச்சுன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு. உன்னை யாரோ மிரட்டி எழுத வச்சிருக்கணும், வேற வழியே இல்லன்னாரு. நான்தான் ஒரு நாள் பொறுங்க, நானே கேக்குறேன்னு வந்தேன். யாரு உன்னை வாங்கினது?"

"பைத்தியமா உனக்கு? அது சோதனைக்கு வச்சது! அவரு கண்டுபிடிக்கிறாரா, கண்டுபிடிச்சா சொல்றாரான்னு பார்க்க வச்சது!"

"யார்கிட்ட சொல்லிட்டு வச்ச?"

"யார்கிட்டயும் சொல்லல. சொன்னா அது எப்படி சோதனை ஆகும்?"

"அண்ணா, எங்க வார்டுல ஒரு டாக்டர் மருந்தை மாத்தி வச்சுட்டு, மாட்டினதும் 'நர்ஸ் கவனிக்கிறாளான்னு பார்த்தேன்'னு சொன்னா நீ நம்புவியா?"

"என்னைப் போய்ச் சந்தேகப்படுறியா?" என்றுதான் வாயில் வந்தது. அதைச் சொல்லி முடிக்கும்போதே அது எவ்வளவு மட்டமாக ஒலிக்கிறது என்று தெரிந்தது. மாட்டிக்கொண்டவன் எவனும் முதலில் சொல்கிற வாக்கியம் அது. இத்தனைக்கும் இவள் நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

"ஏங்க" என்றாள் என் மனைவி. "நீங்க ஒண்ணும் தப்பா பண்ணிடலையே?"

அவளும் கேட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை, அவமானம்தான் வந்தது. பதினோரு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவளுக்கு, ஆமாம் இல்லை என்று என்ன அத்தாட்சியை நான் காட்டுவது?

மறுநாள் காலை பெரியம்மாவின் அறைக்குப் போனேன். நான் போனபோது மாப்பிள்ளை அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்பாகப் போட்டுக்கொடுத்துவிட்டாரோ என்று பழக்கதோஷத்தில் நினைத்தேன். அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் வந்து நானே சொல்லட்டும் என்று காத்திருந்தார். சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல். சொல்லச் சொல்லப் பெரியம்மாவின் முகம் இறுகிக்கொண்டே போனது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"வேலியே பயிரை மேய்ஞ்ச கதை கேட்டிருக்கேன்" என்றார். "பயிரு ஓடுதான்னு பார்க்க வேலி மேய்ஞ்ச கதைய இன்னைக்குத்தான் கேக்குறேன்." பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பினார். "இவர் சொல்றத நீங்க நம்புறீங்களா?"

மாப்பிள்ளை சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நம்புறேன் மேடம். மச்சான் குணம் எனக்குத் தெரியும். சோதிக்கத்தான் வச்சிருப்பாரு."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். கண்ணில் நீர்கூட வந்துவிட்டது.

"ஆனா என் நம்பிக்கைய நம்பி நீங்க எதையும் ரிலீஸ் பண்ணாதீங்க" என்று தொடர்ந்தார் அவர். குரலில் வன்மம் துளியும் இல்லை. "இந்த ஒரு இடம்தான் நமக்குத் தெரிஞ்சது. இதுக்கு முன்னாடி இந்த மாதிரி சோதனை வேற எங்கயாவது வச்சு, எடுக்க மறந்துட்டாரான்னு நமக்குத் தெரியாது. அவருக்கே தெரியாம இருக்கலாம். அவர் கையெழுத்துல உள்ள போனது எல்லாத்தையும் இன்னொருத்தர் திரும்பப் படிக்கணும்."

"ஏழு வருஷத்துதா?"

"ஆமா மேடம்."

இதுதான் முதல் தடவை என்று கத்த நினைத்தேன். அது உண்மையும்கூட. ஆனால் மாப்பிள்ளை சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அவருடைய நாற்காலியில் நான் இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்சம் காரமாக.

"யார் படிக்கிறது?" என்று கேட்டார் பெரியம்மா.

"நான் படிக்கிறேன். பழைய இடத்துல என்னைச் சந்தேகப்பட்டப்ப, அவங்க கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. அங்க ஒருத்தரும் கேக்கவே இல்ல. போகச் சொல்லிட்டாங்க. மச்சானுக்கு அப்படி ஆக வேண்டாம். ஒவ்வொரு வரியா கேக்குறேன், அவர் பதில் சொல்லட்டும்."

மூன்று நான்கானது. அவருடைய நிரல் வெளியீட்டில் போனது. வேலை நிரந்தரம் என்று கடிதம் கொடுத்தார்கள். என் மின்சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தங்கை என் மனைவிக்குப் போன் செய்து அழுதாளாம், சந்தோஷத்தில். என்னிடம் கொடுக்கச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

இப்போது மாப்பிள்ளையின் மேஜைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். திரையில் என் பழைய நிரல். முதல் நாள் அவர் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்து வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். முதல் பக்கம் தடையில்லாமல் போனது. கேட்டார், சொன்னேன், தலையாட்டினார். என் வேலையின் மேல் எனக்கே மரியாதை வந்தது. இரண்டாவது பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இங்க இந்த எண்ணோட இலக்கங்களைக் கூடுதலா ஒரு தடவ இடம் சுத்திவிட்டு, அடுத்த வரியில திருப்பிச் சுத்தியிருக்கீங்க. பலன் ஒண்ணும் இல்ல. எதுக்கு மச்சான் இது?"

பார்த்தேன். என் கை எழுதியதுதான். தீங்கில்லாத வரி என்று தெரிகிறது. ஆனால் எதற்கு எழுதினேன்? அந்த வருஷத்தை, அந்த மேஜையை, அந்தப் பழைய கணினியை எல்லாம் மனதில் கொண்டுவந்து துழாவிப் பார்த்தேன். ஒன்றுமே அகப்படவில்லை. மாப்பிள்ளை அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

"ஞாபகம் இல்ல மாப்ள" என்றேன்.

இந்த ஏழு வருஷத்தில் எத்தனையோ பேர் என் எதிரே உட்கார்ந்து இதே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரைக்கூட நான் நம்பியதில்லை.

"சரி மச்சான்" என்றார் அவர். அந்த வரிக்கு ஒரு சிவப்புக் குறி வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.